கஞ்சி, கரி, கட்டை: அச்சுக்கூடத்திற்குப் புதிதாக வருவோருக்கு

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குச் செல்லும் ரயில் பாதையில், திருத்தணிக்கும் புத்தூருக்கும் இடைப்பட்ட ஊரொன்றில், ஓவியர்கள் சிலர் சேர்ந்து, மரக்கட்டையில் படம் செதுக்கி அச்செடுக்கும் ஓர் அச்சுக்கூடம் நடத்தி வருகிறோம். 1960-இல் எல்லை மாற்றி அமைக்கப்பட்டபோது திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. எங்கள் கூடம் ஆந்திரப் பக்கத்தில், நகரி மூக்கு என்று சொல்லப்படும் பாறை முனை கண்ணில் படும் தொலைவில், பழைய தறிக்கொட்டகை ஒன்றில் இருக்கிறது. உள்ளே பேச்சு பாதி தமிழிலும் பாதி தெலுங்கிலும் நடக்கும். முதன்முறையாக உளி பிடிக்க வருபவர்கள் என்ன கொண்டுவர வேண்டும், எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் இதை எழுதி வைக்கிறேன்.

உள்ளே எது வரலாம்

எங்களிடம் எழுதப்பட்ட விதி ஒன்றே ஒன்றுதான்: சமையல் எண்ணெய், சோப்பு, தண்ணீர் ஆகிய மூன்றால் கையிலிருந்து கழுவ முடியாத எதுவும் பொது மேசைக்கு வரக் கூடாது. ஓவியக் கல்லூரிகளின் அச்சுத் துறைகளில் படித்தவர்களுக்கு மண்ணெண்ணெய், டர்பன்டைன், தின்னர், நைட்ரிக் அமிலம் ஆகியவற்றின் நெடிதான் அச்சுக்கலையின் வாசனை. நைட்ரிக் அமிலம் உலோகத் தகட்டை அரிக்கும்போது எழும் நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலைப் புண்ணாக்கக் கூடியது. தகட்டில் தூவப்படும் ரோசின் என்ற மரப்பிசின் தூள் மூச்சிரைப்பை உண்டாக்குவதோடு, மூடிய பெட்டிக்குள் ஒரு பொறி பட்டால் வெடிக்கவும் செய்யும். இவற்றைத் தவிர்க்க நாங்கள் மரபான முறைகளுக்குத் திரும்பினோம்.

ஆனால் மரபு என்ற சொல்லைக் கேட்டவுடன் பயத்தை விட்டுவிடக் கூடாது. சாதிலிங்கம் பாதரசக் கந்தகம். அரிதாரம் ஆர்சனிக் கந்தகம்; ஒரு காலத்தில் அதைக் குழைத்து முகத்தில் பூசியதால்தான் மேடை ஒப்பனைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஈயச் செந்தூரமும் ஈய வெள்ளையும் ஈயம். நாட்டு மருந்துக் கடையில் அழகான பெயரோடு பொட்டலம் கட்டிக் கொடுக்கப்படுகிறது என்பதற்காக இவற்றை வாங்கி வந்து, "பாட்டன் காலத்து நிறம்" என்று சொல்லி மேசையில் பிரித்தவர்கள் உண்டு. பாட்டனுக்கு வேறு வழி இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது. காவி, மஞ்சள் மண், விளக்குக் கரி, அவுரி நீலம் என்ற நான்கு நிறங்களில் ஓராண்டு வேலை செய்யுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்று தோன்றினால் பேசலாம்.

வரும் முன்

பருத்தி உடை, மூடிய செருப்பு, இறுகக் கட்டிய கூந்தல், கழற்றி வைத்த மோதிரம், ஒரு பழைய துண்டு. இவ்வளவு போதும். உளிகளும் சாணைக்கல்லும் கூடத்தில் உண்டு. காகிதமும் கட்டையும் உங்கள் பொறுப்பு.

கட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் பக்கத்து மலைகளில்தான் செம்மரம் வளர்கிறது. அதன் வைரம் சிவப்புச் சாயம் தரும் என்பதும், செதுக்கினால் பொம்மைபோல வழவழக்கும் என்பதும் இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். உரிய அனுமதிச் சீட்டு இல்லாத செம்மரத் துண்டு கைக்குட்டை அளவு இருந்தாலும் அதை வாசலுக்கு உள்ளே கொண்டுவர வேண்டாம். ரயிலில் அதைப் பையில் வைத்துக்கொண்டு வருபவரை எந்த ஓவியரும் வந்து மீட்டுவிட முடியாது.

முதல் கட்டைக்கு மாம்பலகை போதும். சித்தூர்ச் சீமையில் தோப்புகளுக்குக் குறைவில்லை. பழைய மரங்கள் வெட்டப்படும்போது மர அறுவை மில்லில் பலகை மலிவாகக் கிடைக்கும். நன்றாக உலர்ந்ததா என்று பார்த்து, முடிச்சு இல்லாத பகுதியாக ஒரு சாண் நீளம், அரைச் சாண் அகலம் கேட்டு வாங்குங்கள். நுணுக்கமான கோடு வேண்டும் என்பவர்கள் பின்னால் தேக்குக்கோ வெட்பாலைக்கோ போகலாம். கடையில் எளிதாகக் கிடைக்கும் எம்.டி.எஃப். பலகையை நாங்கள் அனுமதிப்பதில்லை. அது மர நாரைப் பிசின் கொண்டு அழுத்திச் செய்தது. அந்தப் பிசினில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு இருக்கும். செதுக்கும்போதும் தேய்க்கும்போதும் பறக்கும் தூள் நேரே மூச்சில் போகும்.

முதல் நாள்: இடம் வலமாதல்

படம் வரைவதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. எழுத்து வந்தால்தான் வருகிறது. கட்டையில் உள்ளது காகிதத்தில் இடம் வலம் மாறி விழும் என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் தவறுவார்கள். நான் தவறிய விதம் சற்று விசேஷமானது. ஒரு கண்காட்சி அழைப்பிதழுக்காக "அச்சு" என்று பெரிதாகச் செதுக்கினேன். ஒவ்வோர் எழுத்தையும் கவனமாகத் திருப்பி வரைந்தேன். எழுத்துகளின் வரிசையைத் திருப்ப மறந்துவிட்டேன். இரண்டு நாள் வேலைக்குப் பிறகு காகிதத்தைத் தூக்கினால் "சுச்அ" என்று வந்தது. அந்தக் கட்டை இன்னும் வாசலில் தொங்குகிறது.

ஆகவே எழுத்தைத் தலையில் திருப்ப முயல வேண்டாம். மெல்லிய காகிதத்தில் நேராக எழுதிக்கொள்ளுங்கள். கட்டையின் முகத்தில் கஞ்சியை மிக மெல்லிதாகத் தடவி, எழுதிய பக்கம் கட்டையைப் பார்க்கும்படி ஒட்டுங்கள். காய்ந்ததும் காகிதத்தின் முதுகை ஈர விரலால் மெல்லத் தேய்த்தால் மேல்தோல் உருண்டு உருண்டு வந்துவிடும். கோடுகள் தாமாகவே இடம் வலம் மாறிக் கட்டையில் நிற்கும். ஈரத்தில் கலையும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தால் எல்லாம் மேகமாகிவிடும் என்பதால் பென்சில் அல்லது ஈரம் தாங்கும் மை கொண்டு எழுதுவது நல்லது. செதுக்கத் தொடங்கும் முன் ஒரு கண்ணாடியைக் கட்டைக்கு எதிரே நிறுத்தி ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இரண்டாம் நாளும் அதற்குப் பின்னும்: உளி

செதுக்குவதற்கு மூன்று கருவிகள் போதும்: கோட்டின் ஓரத்தை வெட்ட ஒரு சாய்முனைக் கத்தி, குழியாகத் தோண்ட ஒரு நகவுளி, பரந்த இடத்தைச் சமப்படுத்த ஒரு பட்டை உளி. பெரிய வெற்றிடங்களைத் தோண்டும்போது கொட்டாப்புளியால் தட்டலாம். இரும்புச் சுத்தியலால் தட்டினால் உளியின் பிடி பிளந்துவிடும்.

எங்களுக்கு உளி தீட்டிக் கொடுக்கும் முதிய ஆசாரி ஒருவர் வாரம் ஒருமுறை வருவார். புதிதாக வந்த மாணவன் ஒருவன், மரம் சரியில்லை, நார் நாராகப் பிய்கிறது என்று அவரிடம் குறைப்பட்டுக்கொண்டான். அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. உளியை வாங்கி, தன் கட்டைவிரல் நகத்தின் மேல் அதன் விளிம்பைச் சாய்வாக வைத்தார். கூரான உளி நகத்தில் கவ்வி நிற்கும், மழுங்கியது சறுக்கும். அது சறுக்கியது. "வழுக்குதா நைனா? அப்ப இது உளி இல்ல, கரண்டி" என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கல்லை எடுத்தார். அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தவுடன் எல்லோரும் நகத்தில் உளியை வைத்துப் பார்க்கிறோம். கையைக் கிழிப்பதும் பெரும்பாலும் மழுங்கிய உளிதான், ஏனெனில் அதைத் தள்ளுவதற்கு உடம்பு வலுவை முழுதும் போட வேண்டியிருக்கிறது, வழுக்கும்போது அந்த வலு முழுவதும் எதிரே இருக்கும் விரலில் இறங்குகிறது.

கோட்டை வெட்டும் முறை இது. கத்தியைச் செங்குத்தாகப் பிடிக்காமல், கோட்டிலிருந்து வெளிப்புறமாகச் சரியும்படி சாய்த்து வெட்டுங்கள். அப்போது எஞ்சி நிற்கும் கோடு வரப்பைப் போல மேலே குறுகியும் அடியில் அகன்றும் நிற்கும்; நூறு முறை அழுத்தினாலும் உடையாது. உட்புறமாகச் சாய்த்துவிட்டால் கோட்டின் அடி அரிபட்டு, நாலாவது அச்சிலேயே ஒரு துண்டு காகிதத்தோடு பெயர்ந்து வந்துவிடும். முதலில் கோட்டின் இரு ஓரங்களையும் கத்தியால் வெட்டி, அதற்கு அடுத்தபடியாகத்தான் நகவுளியை எடுக்க வேண்டும். குறுகிய இடைவெளிகளுக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர் ஆழம் போதும். பரந்த வெள்ளைப் பகுதிகளில் காகிதம் தொய்ந்து மையைத் தொட்டுவிடும் என்பதால் அங்கே இன்னும் ஆழமாகப் போக வேண்டும்.

மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும் தடுப்புப் பலகை ஒவ்வோர் இருக்கையிலும் இருக்கிறது. கட்டையை அதற்கு எதிரே நிறுத்தினால் இடக்கை கட்டையைப் பிடிக்கத் தேவையில்லை. அந்தக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு பக்கத்திலேயே இருக்கிறது என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். வெட்டுப்பட்ட நரம்புக்கு அந்தக் கட்டு உதவாது.

கஞ்சியும் நிறமும்

எங்கள் முக்கியமான முறை ஜப்பானிய மரக்கட்டை அச்சை ஒட்டியது. எண்ணெய் மைக்குப் பதிலாக, தண்ணீரில் குழைத்த நிறத்தையும் அரிசிக் கஞ்சியையும் கட்டையின் மீதே பிரஷ்ஷால் கலந்து பரப்பி, ஈரக் காகிதத்தை வைத்துத் தேய்த்து எடுப்பது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது என்று நினைக்கிறேன். தேவைப்படும் பொருள்களில் பாதி சமையலறையிலேயே இருக்கின்றன.

ஒரு பங்கு பச்சரிசி மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். வெண்மை போய்க் கண்ணாடி போலத் தெளியத் தொடங்கும்போது இறக்கி, ஆறியதும் மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். ஆறிய கஞ்சி கெட்டித் தயிர்ப் பதத்தில் இருக்க வேண்டும். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் என்ற செம்பு உப்பைப் போடுவார்கள். நாங்கள் போடுவதில்லை. கஞ்சி அன்றன்றைக்குக் காய்ச்சப்படும். மிஞ்சியது மாலையில் வாழைக்குப் போகும்.

காவியையும் மஞ்சள் மண்ணையும் தண்ணீர் விட்டு அம்மியில் அரைத்து, தெளியவிட்டு, மேலாக மிதக்கும் நுண்ணிய வண்டலை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அடியில் தங்கும் மணல் கட்டையைக் கீறிவிடும். விளக்குக் கரி தண்ணீரில் சேராமல் மிதக்கும். அதை முதலில் சிறிது கஞ்சியோடு நன்றாகக் குழைத்து, பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் வழிக்கு வரும். எந்தத் தூளானாலும் உலர்ந்த நிலையில் கிளறாதீர்கள். காவி நஞ்சில்லை என்றாலும் அதன் தூசு நுரையீரலுக்கு நல்லதில்லை. முகக்கவசம் அணிந்து, தூளின் மேல் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

நிறத்தைப் பரப்பக் குதிரை மயிர் ஷூ பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சூடான தோசைக்கல்லில் மயிர் நுனியைச் சற்றே கருக்கி, தண்ணீர் தொட்டு உப்புத்தாளில் தேய்த்தால் நுனிகள் பிளந்து மென்மையாகும். நைலான் பிரஷ் என்றால் உருகித் தோசைக்கல்லோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டுத் தோசைக்கல்லை இதற்குக் கேட்டு வாங்குவது உங்கள் சாமர்த்தியம்.

காகிதத்தை நனைத்தலும் அச்சிடுதலும்

பருத்திக் கந்தலில் செய்த கைவினைக் காகிதமே ஏற்றது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் காகிதத்தை எங்களில் பலர் விரும்புகிறோம். முதல் நாள் மாலையே நனைத்து வைக்க வேண்டும்: ஒன்றுவிட்டு ஒன்றாக ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, உலர்ந்ததும் ஈரமானதும் மாறி மாறி வரும்படி அடுக்கி, பாலிதீனில் சுற்றி மேலே பலகையும் கல்லும் வைத்துவிட்டால், விடிவதற்குள் ஈரம் எல்லாத் தாளிலும் சமமாகப் பரவியிருக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்க வேண்டும், கன்னம் நனையக் கூடாது.

இந்த இடத்தில் ஊரின் பருவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் முடியாது. கத்திரி வெயில் காலத்தில் காகிதம் நம் கையிலிருக்கும்போதே உலர்ந்துவிடும். ஆகவே மே மாதத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு அச்சிடத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர்மாறு: நனைத்த காகிதம் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் நனைக்க வேண்டும்.

அச்சிடும் முன் கட்டையை ஈரத் துணியால் துடையுங்கள். உலர்ந்த கட்டை நிறத்தை உறிஞ்சிக்கொள்வதால் முதல் மூன்று நான்கு அச்சுகள் வெளிறித்தான் வரும். அவற்றுக்குப் பழைய செய்தித்தாளைப் பயன்படுத்தலாம். பிறகு பிரஷ்ஷில் சிறிது நிறம், கட்டையில் சுண்டுவிரல் நுனியளவு கஞ்சி. வட்டமாகத் தேய்த்துக் கலந்து, கடைசியில் மரத்தின் ரேகையோடு ஒரே திசையில் இழுத்து விடுங்கள். கட்டை முகத்தின் கீழ் ஓரத்தில் வெட்டி வைத்திருக்கும் மூலைக் குறியிலும் நேர்க் குறியிலும் காகிதத்தின் விளிம்பைப் பொருத்தி மெல்ல இறக்குங்கள். இரண்டாவது நிறத்துக்கான கட்டையிலும் அதே இடத்தில் அதே குறிகள் இருந்தால்தான் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும். காகிதம் உலர்ந்தால் சுருங்கும். எனவே எல்லா நிறங்களையும் ஈரம் போகும் முன் அடித்து முடிக்க வேண்டும்.

தேய்ப்பதற்கு ஜப்பானியர் மூங்கில் தண்டின் உறையைச் சுற்றிய தட்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். எங்களிடம் அதற்குப் பதில் தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது. முதுகுப்புறத்தை மணல்தாளால் தேய்த்து, எண்ணெய் தடவித் தடவிப் பளபளப்பாக்கிய சிரட்டை உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் வளைவின் ஒரு புள்ளியில் மட்டும் அழுத்தம் குவிவதால் சிறு கட்டைகளுக்கு மிக நன்றாக வேலை செய்கிறது. பெரிய பரப்புக்கு எவர்சில்வர் கரண்டியின் முதுகு நல்லது. காகிதத்தின் மேல் ஒரு மெழுகுத்தாளை விரித்துத் தேய்த்தால் நார் எழும்பாது.

ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். எள் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக வந்திருந்தால் கஞ்சி குறைவு அல்லது அழுத்தம் குறைவு. ஜப்பானியர் இந்தப் புள்ளிகளுக்கு எள் என்றே பெயர் வைத்து, வேண்டுமென்றே வரவழைப்பதும் உண்டு. காகிதம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தாலோ, கோட்டின் ஓரத்தில் நிறம் வழிந்து தேங்கியிருந்தாலோ கஞ்சியும் தண்ணீரும் அதிகம். பத்துத் தாள் வீணான பிறகு கை தானாகவே அளவைக் கண்டுகொள்ளும்.

துணியில் அடிக்க விரும்புவோருக்கு

காளஹஸ்தி அருகில் இருப்பதால் கலம்காரியைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. காளஹஸ்தி வேலை மூங்கில் எழுதுகோலால் வரைவது. மசூலிப்பட்டினம் வேலை கட்டையால் அடிப்பது. இரண்டுக்கும் அடிப்படை வேதியியல் ஒன்றுதான்: கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுப்பு.

தறியிலிருந்து வரும் காடாத் துணியில் பாவுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். அதைத் துவைத்துப் போக்குங்கள். கடுக்காய்த் தூளைக் காய்ச்சாத எருமைப் பாலில் கலந்து, துணியை ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துங்கள். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். தனியே ஒரு மண்பானையில் துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டால் கசிமி என்னும் இரும்பு மை கிடைக்கும். பானையை இறுக மூடக் கூடாது, துணி கட்டினால் போதும். வடிகட்டிய கசிமியில் கருவேலம் பிசினைக் கரைத்துக் கெட்டியாக்கி, கம்பளித் துண்டு ஒன்றில் ஊற்றி, கட்டையை அதில் ஒற்றித் துணியில் பதியுங்கள். தேநீர் நிறத்தில் இறங்கும் மை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் இந்த ஒரு கணத்தில் சத்தம் போடுகிறார்கள். எனக்கும் இன்னும் அலுக்கவில்லை.

ஒரு நாள் கழித்து, ஏராளமான தண்ணீரில், துணியை மடக்காமல் விரித்து அலச வேண்டும். நான் முதலில் செய்த திரைச்சீலைக்குக் கறுப்பு போதவில்லை என்று கசிமியை மிகக் காரமாக்கி, சரியாக அலசாமலும் விட்டேன். ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்தபோது துணி நன்றாக இருந்தது. கறுப்புக் கோடுகள் இருந்த இடங்கள் மட்டும் கத்தரித்ததுபோல இற்றுப்போயிருந்தன. இரும்பு பருத்தியைத் தின்னும். பழைய சாயத் துணிகளில் கறுப்பே முதலில் உதிர்வதற்குக் காரணம் இதுதான்.

எண்ணெய் மையும் துடைத்த துணியும்

ஆளிவிதை எண்ணெயில் குழைத்த மையைப் பயன்படுத்தி ரோலரிலும் பிரஸ்ஸிலும் வேலை செய்யும் கட்டம் மூன்றாவது மாதத்துக்கு மேல்தான். துடைக்க மண்ணெண்ணெய் தேவையில்லை என்பதைப் பலர் நம்புவதில்லை. கண்ணாடியில் எஞ்சிய மையைத் தகட்டுக் கத்தியால் வழித்துவிட்டு, சிறிது கடலை எண்ணெய் விட்டுத் தேய்த்தால் மை இளகிவிடும். பழந்துணியால் துடைத்து, பிறகு சோப்பு நீரால் ஒருமுறை, வெறும் நீரால் ஒருமுறை. நேரம் சற்றுக் கூடுதலாகும்.

ஆனால் இந்த நஞ்சற்ற எண்ணெய்தான் எங்கள் கூடத்தைக் கிட்டத்தட்ட எரித்திருக்கும். ஆளிவிதை எண்ணெய் உலர்வது என்பது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு அது சேர்வது. சேரும்போது வெப்பம் வெளிவரும். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிக் குவியலின் நடுவில் ஏறிக்கொண்டே போய், யாரும் தீக்குச்சி கிழிக்காமலேயே பற்றிக்கொள்ளும். ஒரு சித்திரை மாதப் பிற்பகலில் நான் மூலையில் போட்டுவிட்டுப் போன துணிக்கூடையிலிருந்து புகை வந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துச் சொன்னதால் தப்பினோம். அதிலிருந்து, எண்ணெய் பட்ட துணி ஒவ்வொன்றையும் வெளியே கம்பியில் தனித்தனியாக விரித்துப் போட வேண்டும், அல்லது மூடியுள்ள தகர டின்னில் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பது இல்லை.

உலோகத் தகடு

இதை முதல் ஆண்டில் கேட்காதீர்கள். நைட்ரிக் அமிலத்துக்குப் பதிலாக, துத்தநாகத் தகட்டுக்கு மயில்துத்தமும் உப்பும் கலந்த நீரைப் பயன்படுத்துகிறோம்; நச்சுப் புகை எழுவதில்லை. ஆனால் செம்புக் கரைசல் மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. நம் பக்கத்து நகரி ஆறு குசஸ்தலையில் சேர்ந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. பூண்டித் தண்ணீரைச் சென்னை குடிக்கிறது. எனவே தீர்ந்த கரைசலில் சலவைச் சோடாவைச் சேர்த்துச் செம்பை வண்டலாகப் படியவைத்து, அந்த வண்டலை மூடிய டப்பாவில் சேர்த்து வைக்கிறோம். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்த அறைக்குள் நுழைய முடியாது. அந்த அறையின் சாவி இரண்டு பேரிடம் மட்டுமே இருக்கும்.

தகட்டு அச்சைக் கற்க விரும்புவோருக்கு ஒரு பெயரை மட்டும் சொல்லி வைக்கிறேன். சித்தூர் அருகே நந்தனூரில் 1925-இல் பிறந்த கிருஷ்ண ரெட்டி, சாந்திநிகேதனில் படித்து, பாரிஸில் ஹேட்டர் என்ற ஓவியரின் அட்லியே 17 அச்சுக்கூடத்தில் பணிபுரிந்து, ஒரே தகட்டில் பல நிறங்களை ஒரே அழுத்தத்தில் எடுக்கும் முறையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர்; 2018-இல் நியூயார்க்கில் காலமானார். மையில் எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் அதன் பிசுபிசுப்பை மாற்றினால் ஒரு மை இன்னொரு மையை ஏற்காமல் தள்ளும் என்பதும், மென்மையான ரோலர் தகட்டின் பள்ளம்வரை இறங்கும், கடினமான ரோலர் மேட்டை மட்டும் தொடும் என்பதும்தான் அந்த முறையின் அடிப்படை. எங்கள் கூடத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடக் கூடிய தொலைவில் பிறந்தவர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

முடிக்கும்போது

அச்சுகளைக் கொடியில் போட்டால் சுருண்டுவிடும். தடித்த அட்டைகளுக்கு நடுவே அடுக்கிக் கல் வைத்து, ஒரு நாளைக்கு ஒருமுறை அட்டையை மாற்றுங்கள். உலர்ந்த பிறகு படத்துக்குக் கீழே இடப்புறம் எண், வலப்புறம் கையெழுத்து, இரண்டும் பென்சிலால். 3/20 என்றால் இருபது படிகளில் மூன்றாவது. இருபது என்று எழுதிவிட்டு இருபத்தொன்றாவதை அடிப்பது வாங்கியவரை ஏமாற்றுவது; அதைச் செய்பவருக்கு இங்கே மேசை கிடையாது. ஒவ்வொரு பதிப்பிலிருந்தும் ஒரு படி கூடத்தின் இழுப்பறைக்கு உரியது. நிறங்கள் பொதுப் பெட்டியிலிருந்து வருகின்றன. எடுத்ததை நோட்டில் எழுதி மாதக் கடைசியில் கணக்குத் தீர்க்க வேண்டும். சம்பளத்துக்கு ஆள் இல்லாததால் பெருக்குவதும் கழுவுவதும் முறை வைத்து நடக்கிறது. சுவரில் உள்ள பட்டியலில் மூத்தவர்களின் பெயரும் இருக்கிறது.

கட்டையைத் தண்ணீரில் ஊறவிடாமல், ஈர பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் செங்குத்தாக நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். உலர்ந்ததும் பின்புறத்தில் பெயரையும் தேதியையும் எழுதி, பழந்துணியில் ஒரு துண்டு வசம்போடு சுற்றி இரும்பு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். சுவரோரத் தரையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனால், மழைக்காலம் முடிந்து நீங்கள் வரும்போது, கோடுகள் மட்டும் மேலே நிற்க, உள்ளே முழுதும் கறையான் மண்ணாக இருக்கும்.